வெள்ளைத்தாள் ஒட்டிய பாட்டு

ஆடிக் காற்று உப்பளங்களின் வெள்ளைப் பொடியை அள்ளிக்கொண்டு வந்து தெருத் தெருவாக இறைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையும் முடிந்து மீன்குழம்பும் முடிந்து தூத்துக்குடியில் பாதிப்பேர் கண்ணயர்ந்திருந்த மத்தியான வேளையில், லாம்பர்ட் தல்மேதாவின் மாடிவீட்டில் குடியிருந்த பாட்டுகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டன. ஓடவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிறவர்களைப் போல, முன்னால் போவதற்கு வழிவிட்டு, பின்னால் வருவதற்காகக் கொஞ்சம் நின்று, நிதானமாகப் போயின. வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள்தான் என்பதுபோல் மறுபடி படுத்துக்கொண்டது.

லாம்பர்ட் அந்த நேரத்தில் ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கியிருந்தார். தட்டு சுற்றியது, ஊசி ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. ஊசியைத் துடைத்தார், ஒயரை ஆட்டினார், கடைசியில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வரி வரியாக இருந்த கறுப்புத் தட்டு, மழை விட்ட பிறகு தேங்கிக் கிடக்கும் தண்ணீர் மாதிரி வழுவழுவென்று இருந்தது; அதில் அவர் முகம் தெரிந்தது. அடுத்ததை உருவினார், அதிலும் அவர் முகம். அலமாரி அலமாரியாக, உறை உறையாக உருவி, பொழுது சாய்கிற வரைக்கும் தன் முகத்தையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அவர் கீழே இறங்கியபோது, எதிர்த்த பேக்கரி வாசலில் மக்ரூன் தட்டோடு நின்றுகொண்டிருந்த சில்வேஸ்டர் கொமஸின் பனியனுக்குள்ளிருந்து மூன்று டிரம்பெட்டுகள் ஒரே மூச்சில் எழுந்து தெருவைக் கடந்து வந்தன.

"ஓய் லாம்பர்ட்டு, இது உம்ம சாமானா?" என்றார் கொமஸ், தன் நெஞ்சைச் சுட்டிக்காட்டி.

"ஆமா. என்னோடதுதான். இதுக்குப் பின்பக்கம் இன்னொரு பாட்டு உண்டு. அது இதைவிட நல்லாருக்கும்."

"பின்பக்கமா?" கொமஸ் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்க முயன்றார். "முதுகுல ஒண்ணும் கேக்கலையே?"

பின்பக்கத்துப் பாட்டு உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் போயிருந்தது. அந்த அம்மாள் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. இடுப்பு தானாக ஆடியதால் மாவு சீக்கிரம் சலித்து முடிந்தது, அவ்வளவுதான்.

லாம்பர்ட்டைப் பற்றி ஊருக்கு அதுவரை தெரிந்திருந்தது கொஞ்சம்தான். இங்கிலாந்தின் வடக்கே, சூரியன் கடமைக்கு எட்டிப் பார்க்கும் ஒரு ஊரில், ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தார், கல்யாணம் செய்யவில்லை, நாற்பத்தெட்டு வயதில் திரும்பி வந்துவிட்டார். அவர் பெட்டிகள் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது ஃபிரிட்ஜும் டிவியும் பார்க்கலாம் என்று தெருவே கூடியது. பெட்டி பெட்டியாக ரெக்கார்டுகள். "எல்லாம் வெள்ளைக்காரன் பாட்டா?" என்று கேட்டவர்களிடம், இல்லை, அமெரிக்காவின் கறுப்பு மனிதர்கள் பாடியது, கார் பட்டறையிலும் கசாப்புக் கொட்டகையிலும் வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு போய்ப் பாடியது, சோல் என்று பேர், அதே ஆட்கள் கொஞ்சம் கோபமாக இடுப்பிலிருந்து வாசித்தால் ஃபங்க் என்று பேர் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். விளக்கம் பாதி போவதற்குள் கூட்டம் கலைந்தது. அதன் பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாகக் கேட்டார்.

இப்போது ஊரே அதைச் சுமந்தது. முதல் வாரம் கொஞ்சம் சிரமமாக இருந்தது என்பது உண்மை. மின்வாரியத்துக்காரர் வீடு வீடாக ஏறி, இதற்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். விசாரிக்கும்போதே அவர் தொண்டைக்குக் கீழிருந்து ஒரு ஆர்கன் முழங்கியதால் யாரும் பதில் சொல்லவில்லை. பங்குச் சாமியாருக்கு ஒரு கனத்த பாஸ் கிட்டார் வாய்த்திருந்தது. அது மற்ற நேரமெல்லாம் அடங்கியிருந்துவிட்டு, பூசையில் சரியாக அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் தொடங்கும். முதல் ஞாயிறு சனங்கள் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்தார்கள், அடுத்த ஞாயிறு பழக்கத்தில் குனிந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறு முழங்கால்கள் தாளத்தோடு மண்டியிட்டன, பீடச் சிறுவர்கள் மணியையும் அதற்கேற்ப ஆட்டக் கற்றுக்கொண்டார்கள். பரோட்டா மாஸ்டர் தன் டிரம்முக்குத் தக்கபடி மாவை அடித்ததில் அடுக்குகள் மெலிந்து இலைபோல் பிரிந்தன. உப்பளத்துப் பெண்கள் ஆளுக்கொரு பாட்டோடு வரிசையாக நின்று உப்பு வாரும் பலகையை இழுத்தபோது, நாலு ஊர் தள்ளி ரயிலில் போனவர்கள் சன்னலில் தலை நீட்டி என்ன திருவிழா என்று கேட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, பையனையும் பெண்ணையும் அருகருகே நிறுத்தி, இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடுகிறதா என்று காது கொடுத்துப் பார்த்த பிறகே தாம்பூலத் தட்டை மாற்றினார்கள்.

இதிலே இன்னொரு விசேஷம் நடந்தது. லாம்பர்ட்டுக்கு, அவரைப் போலச் சேகரிக்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள ஒரு பழக்கம் இருந்தது: மனதுக்கு ரொம்பப் பிடித்த ரெக்கார்டை இரண்டாக வாங்குவார், ஒன்று கேட்பதற்கு, மற்றது உறை பிரிக்காமல் வைப்பதற்கு. அதனால் ஒரே பாட்டு ஊரில் இரண்டு பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கேட்டுத் தேய்ந்ததில் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் இருக்கும், கேட்காததில் இருக்காது. தேய்ந்த பாட்டுக்காரர் மூத்தவர், தேயாத பாட்டுக்காரர் இளையவர் என்று ஊர் முடிவு செய்து, அவர்களைக் கூடப்பிறந்தவர்களாகவே நடத்த ஆரம்பித்தது. ஒரு காம்பவுண்டுச் சுவருக்காகத் தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்த இரண்டு வீட்டுக்காரர்கள், தங்களுக்குள் ஒரே பாட்டு ஓடுவதைக் கேட்டு, சுவரின் இரண்டு பக்கமும் காதை வைத்து நின்றார்கள். தம்பி மேல் கேஸ் போட யாருக்கு மனசு வரும்?

சிலர் திருப்பிக் கொடுக்கவும் செய்தார்கள். வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண் மாற்றலாகிப் போகிறபோது, புது ஊரில் சிரிப்பார்கள் என்று சொல்லி லாம்பர்ட்டின் மாடிக்கு வந்து, தன் பாட்டுக்குரிய வெற்றுத் தட்டை நெஞ்சோடு அணைத்து ஒரு மூச்சு பிடித்தாள். வரிகள் தட்டில் மறுபடி ஓடிப் படிந்தன. இப்படித் திருப்பலாம் என்பது அதன் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் யாரும் அதிகம் வரவில்லை.

பேர் கேட்டும் யாரும் வரவில்லை. எது எந்த வருசம் பதிவானது, எந்த ஸ்டுடியோவின் எந்தத் தூசி படிந்த அறையில், தாளக்காரன் ஏன் ஒரு அடி பிந்துகிறான் என்பதெல்லாம் சொல்வதற்கு லாம்பர்ட் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். ஊர் தானாகப் பேர் வைத்துக்கொண்டது: கொமஸ் பாட்டு, அழுமூஞ்சிப் பாட்டு, பஸ் வரும்போது கேட்கிற பாட்டு.

அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அத்தனை பாட்டுக்கும் வீடாக இருந்த மனிதரின் நெஞ்சில் மூச்சுச் சத்தம் தவிர எதுவும் இல்லை. அவர் வருவது யாருக்கும் கேட்காததால் கடைகளில் ஆட்கள் அவர் மேல் இடித்துவிட்டு, "அய்யோ, நீரா?" என்றார்கள். ஆனால் ஊர் எதையும் வீணாக்குவதில்லை. அவருடைய மௌனத்துக்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்தது. குழந்தை தூங்காத வீட்டில், காய்ச்சல்காரன் கிடக்கிற வீட்டில், பரீட்சைக்குப் படிக்கிற வீட்டில், சொந்தக்காரர்கள் தங்கள் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டு, "லாம்பர்ட்டக் கூப்பிடுங்கப்பா" என்று ஆள் அனுப்பினார்கள். அவர் போய் ஒரு நாற்காலியில் உட்காருவார். தண்ணீர் கேட்டால் கொடுப்பார். நன்றி சொல்வார்கள், சாப்பிட்டுப் போகச் சொல்வார்கள், அவர் எழுந்து போன பிறகுதான் வீடு மறுபடி வீடாகும்.

தனியாக வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் எதிர்ப்பட்டவர்களின் பாட்டை நெஞ்சு நெஞ்சாகக் கேட்டுக்கொண்டு வருவார். எல்லாப் பாட்டும் இருந்தது. ஒன்றைத் தவிர.

இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த அந்த ஊரில், சனிக்கிழமைகளில் பெரிய கொட்டகைகளில் கூடி, அமெரிக்காவிலேயே விலைபோகாத இந்தப் பாட்டுகளுக்கு ஆலைத் தொழிலாளிகள் ஆடுவார்கள். யாரிடமும் இல்லாத பாட்டை வைத்திருக்கிறவனுக்கு அங்கே ராஜ மரியாதை. அதனால் அரிய தட்டு கையில் கிடைத்தவர்கள் அதன் நடுவில் உள்ள சீட்டின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, இல்லாத ஒரு பாடகியின் பேரை எழுதிவைப்பார்கள், வேறு யாரும் தேடி எடுத்துவிடக்கூடாது என்று. லாம்பர்ட்டும் ஒரு தட்டுக்கு அப்படி ஒட்டினார். ஒரு பக்கம் மட்டும் பதிந்த, கடைக்கே வராத தட்டு அது. உலகத்தில் இரண்டாவது பிரதி கிடையாது. மற்றவர்களாவது தாளை ஒட்டிவிட்டுக் கொட்டகையில் போட்டு ஆடவிட்டார்கள். அவர் அதைக்கூடச் செய்யவில்லை. வேலை முடிந்து ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒற்றையாகக் கேட்டார், அத்தனை வருசமும். அந்த ஊரில் தனக்கு யாரோ இருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டதற்கு அந்த ஒரு குரல்தான் காரணம். அது இப்போது எந்த நெஞ்சில் இருக்கிறது என்று தெரியாமல் அவர் மீன் ஏலத்திலும் பேருந்து நிலையத்திலும் சாவு வீடுகளிலும் அலைந்தார்.

ஊரில் பாட்டு இல்லாத ஆள் இன்னொருவரும் உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள்: இறால் கம்பெனியில் வேலை பார்க்கிற சலேத்மேரி. குளிர் அறைக்குப் போடுகிற கம்பளிச் சால்வையை அவள் வெயிலிலும் கழற்றுவதில்லை. "ரெண்டு ஊமைக்கும் சேர்த்துக் கல்யாண ஓலை வாசிச்சிருவோமா சாமி?" என்று கொமஸ் கோயில் வாசலில் வைத்தே கேலி செய்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

லாம்பர்ட்டின் தெருவிலேயே குடியிருந்த, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஜெர்வாஸ் மாமா நுரையீரலில் நீர் கோத்துப் படுத்துவிட்டபோது, ஒரு ஆள் போதாது, தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும் என்று, லாம்பர்ட்டையும் சலேத்மேரியையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். மகனும் மருமகளும் தங்கள் கிட்டார்களோடு தெருமுனைக்குப் போய்விட, மாடி அறையில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்தார்கள்.

"வாரும் லாம்பர்ட்டு. உம்ம நெஞ்சில ஒண்ணும் இல்லேல்லா?"

"இல்ல மாமா."

"நல்லது. நிம்மதியாச் சாகக்கூட விடமாட்டேங்கானுவ. கண்ண மூடினா எவனாவது ஒருத்தன் டமாரம் அடிச்சிக்கிட்டு வாரான்." சொல்லிவிட்டுக் கிழவர் தூங்கிப் போனார்.

மத்தியானம் கனத்தது. காற்றுகூட நின்றிருந்தது. அப்போது கட்டிலின் அந்தப் பக்கம், கம்பளிக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில், சில்லுகள் கோத்த ஒரு டாம்பரின் குலுங்கியது. ஒரு தரம், கொஞ்சம் தயங்கி மறு தரம். படியேறி வருகிற காலடியை வைத்து ஆளைச் சொல்கிறவரைப் போல லாம்பர்ட் நிமிர்ந்தார்.

"சலேத்..."

"ஒண்ணுமில்ல சார். வயித்துச் சத்தம்."

"வயித்துல டாம்பரின் கிடையாது."

அவள் சால்வையை இழுத்து இறுக்கினாள். கிழவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசினாள். "அன்னைக்கே வந்துருச்சு சார். துணிக்குச் சோப்பு போட்டுக்கிட்டிருந்தேன், முதுகுல யாரோ கைவச்ச மாதிரி இருந்துச்சு. பொறந்ததுல இருந்து எனக்குன்னு ஒண்ணு கிடையாது. அக்கா சட்டை, தங்கச்சி பாயி, கம்பெனில எல்லாருக்கும் சேர்த்து ஒரு அலமாரி. இது ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு வந்துச்சு. கதவ அடைச்சுக்கிட்டு ஒத்தையில கேப்பேன். ஒரு மனுசிக்கு அது கூடாதா?"

உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் கூடாது என்று சொல்லியிருக்கலாம். லாம்பர்ட்டால் சொல்ல முடியவில்லை.

"ஒரே ஒரு தடவ நான் கேக்கலாமா?"

"நீங்க கேட்டா அது உங்களோடதா ஆயிரும். உங்க தட்டுல இருந்து வந்ததுதான, எனக்குத் தெரியாதா? நாளைக்குத் தட்டோட வந்து நிப்பீங்க."

அவர் மறுநாள் தட்டோடுதான் வந்தார். தினத்தாளில் சுற்றி, கக்கத்தில் இடுக்கி, படியேறும்போதே தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். அவளிடம் அதைக் கொடுத்து நெஞ்சில் அணைக்கச் சொன்னால் ஒரு மூச்சில் முடிந்துவிடும். தன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஈரக் கோட்டு இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் முன்போல ஆகிவிடும். கிழவர் கண்ணை மூடிக் கிடந்தார். சலேத்மேரி சுற்றிய தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கொண்டாந்துட்டீங்க."

"சும்மா... காட்டலாம்னு."

"கொடுங்க, பாப்போம்." வாங்கிப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். வழுவழுப்பில் அவள் தாடை தெரிந்தது. நடுவிலிருந்த பழுப்பேறிய வெள்ளைத்தாளை விரலால் தடவினாள். "என்ன எழுதிருக்கு?"

"வயலட் ஹார்ட்னு. அப்படி ஒரு ஆளு கிடையாது. நான் வச்ச பேரு."

"எதுக்கு?"

"வேற யாருக்கும் கிடைச்சிரக் கூடாதுன்னு."

"அப்போ இவ பேரு?"

 அந்தப் பேரை அவர் இன்னொரு மனித உயிரின் முன்னால் இதுவரை சொன்னதில்லை. சொல்லும்போது நாக்கு புதிதாகச் செருப்புப் போட்ட கால் மாதிரி தடுமாறியது. "எல்டா மே கார்வர்."

"எல்டா மே கார்வர்," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், வாசலுக்கு வந்தவரின் பேரைக் கேட்டு உறுதிசெய்கிறவளைப் போல. "என்ன செஞ்சா அவ?"

"கோழி அறுத்துப் பெட்டியில அடுக்குற கம்பெனில வேலை. ஒரு சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போயிப் பாடிருக்கா. சரியா வருதான்னு பாக்க ஒரே ஒரு தட்டு போட்டாங்க. அதுக்குள்ள ஸ்டுடியோவ இழுத்து மூடிட்டாங்க. அங்க வேலை பாத்த ஒருத்தர் எனக்குச் சொன்னது."

"இருக்காளா?"

"தெரியாது."

"தேடலையா நீங்க?"

"தேடணும்னா பேரச் சொல்லித்தான் கேக்கணும். கேட்டா நாலு பேருக்குத் தெரிஞ்சு போகும்."

சலேத்மேரி இறாலின் முள் குத்திக் குத்தித் தடித்துப்போன தன் விரல்களை மடக்கி நீட்டினாள். "கை மரத்துப்போயி வீட்டுக்கு வருவேன் சார், கதவ அடைச்ச உடனே இவ பாடுவா. என் பாட்டு, என் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். இவளும் கை மரத்துப்போயிப் பாடிருக்கா. அத ஒருத்தரு கடல் தாண்டி உக்காந்து கேட்டாருன்னு அவளுக்கு யாரும் சொல்லல."

"சொல்லல."

"நீங்களும் மூடி வச்சீங்க. நானும் மூடி வச்சேன். மூச்சு முட்டிருக்கும் அவளுக்கு."

தட்டைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். எழுந்து, சால்வையின் ஒரு முனையை அவிழ்த்தாள், அடுத்த சுற்றை அவிழ்த்தாள், கடைசியில் மொத்தத்தையும் உருவி நாற்காலியில் போட்டாள்.

டாம்பரின் வந்தது, அதன் பின்னால் யாரோ தயங்கித் தயங்கி நடப்பது போன்ற பாஸ் வந்தது, அப்புறம் அந்தக் குரல் வந்தது, தொண்டையில் கொஞ்சம் சளியும் கொஞ்சம் பெருமையுமாக, தன்னை யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தவள் தனக்காகவே பாடுகிற குரல். லாம்பர்ட் அழுதுவிடுவோம் என்று பயந்தார். அழவில்லை. அவர் எழுந்து சன்னலருகே போயிருந்தார், கை கொக்கியில் இருந்தது. பாட்டு வெளியே போய்விடாமல் சாத்தத்தான் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"மூடாதீரும்," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். ஜெர்வாஸ் மாமா கண்ணைத் திறந்திருந்தார். "மூடாதீரும் ஓய். காத்து வரட்டும்."

கீழே தெருவில் ஒவ்வொரு நெஞ்சாக அடங்கிக்கொண்டு வந்தது. பரோட்டாக் கடையின் தட்டல் நின்றது, தெருமுனைக் கிட்டார்கள் நின்றன, மூன்று டிரம்பெட்டுகளும் நின்றன. அவருடைய பாட்டு, வேறு யாருக்கும் தெரியாத அவருடைய பாட்டு, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த குடங்களின் மேலும் ஆட்டோக்களின் மேலும் சாவகாசமாக நடந்து போவதையும், முன்பின் தெரியாத முகங்கள் அதற்காக அண்ணாந்து நிற்பதையும் லாம்பர்ட் பார்த்தார். அவர்கள் அத்தனை பேர் நடுவிலும் தான் இன்னும் ஒற்றையாகத்தான் நிற்கிறோம் என்பதையும் பார்த்தார்.

"ஏய், மேல யாரு?" கொமஸ் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். "யாருய்யா பாடுறது இது?"

லாம்பர்ட் சலேத்மேரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லுங்க என்பதுபோல் தலையசைத்தாள். கொக்கியை விட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே உடம்பைப் பாதி நீட்டி, எத்தனையோ வருசமாக உயர்த்தாத குரலை உயர்த்தி, அது உடைந்து கரகரத்ததைக் கண்டுகொள்ளாமல் அவர் கத்தினார்: "எல்டா மே கார்வர்!"

"யாரு?"

"எல்டா மே கார்வர்!"

பேர் தெருவில் ஆள் மாறி ஆள் போனது. ஒரு குடத்துக்காரி அதை இன்னொரு குடத்துக்காரிக்குச் சொன்னாள். அவள் பேக்கரி அம்மாளுக்குச் சொன்னாள். கொமஸ் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பிறகு மறுபடி அண்ணாந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்:

"நல்லால்லா பாடுதா! இத்தன நாளு எங்கய்யா இருந்தா?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க முகத்தைத் தூக்கி, லாம்பர்ட் சொல்லப்போகிற பதிலுக்காகக் காத்து நின்றது.